பட்டமும் கடனும்: இங்கிலாந்தின் சர்வதேச வணிகக் கல்வியை முன்வைத்துச் சில கருத்துக்கள்

உயர்கல்வியின் பயனை அது ஈட்டித்தரும் வருமானத்தைக் கொண்டு மதிப்பிடும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. படிப்பதற்காகப் பெறும் கடனை ஒரு தட்டிலும், பட்டம் பெற்றபின் கிடைக்கக்கூடிய சம்பளத்தை மறு தட்டிலும் இட்டு நிறுத்துப் பார்க்குமாறு மாணவர் அறிவுறுத்தப்படுகின்றனர். தொழிற்சந்தையோடு நேரடித் தொடர்புடையதாகக் கருதப்படும் சர்வதேச வணிகம் போன்ற பாடநெறிகளிலே இக்கணிப்பு இயல்பானதொன்றாகவே தோன்றுகின்றது. இத்தராசு எதனை நிறுக்கின்றது, எதனை நிறுக்காது விடுகின்றது என்பதை இங்கிலாந்தின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவோம்.

1962 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், முதற்பட்ட மாணவரின் கட்டணத்தையும், குடும்ப வருமானத்துக்கேற்ப வாழ்க்கைச் செலவுக்கான மானியத்தையும் வழங்கும் பொறுப்பை உள்ளூராட்சி அமைப்புக்களிடம் ஒப்படைத்தது. 1990 இல் வாழ்க்கைச் செலவுக்கான கடன் அறிமுகமாயிற்று. 1998 இல் 1,000 பவுணாக விதிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 2006 இல் 3,000 ஆகவும், 2012 இல் 9,000 ஆகவும் உயர்ந்தது. முதலிரண்டையும் தொழிற்கட்சியும், மூன்றாவதைப் பழமைவாதக் கட்சி தலைமையிலான கூட்டரசாங்கமும் நடைமுறைப்படுத்தின என்பது மனங்கொள்ளத்தக்கது. 1960களில் ஷுல்ட்ஸ், பெக்கர் முதலிய அமெரிக்கப் பொருளியலாளர் வளர்த்த ‘மனித மூலதனம்’ என்னும் கருத்து, இம்மாற்றங்களுக்கு நியாயம் வழங்கிற்று. அக்கருத்தின்படி மாணவன் தன்னிலேயே முதலிடும் ஒரு சிறு முதலாளியாகின்றான்.

கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 2023 இல் பட்டப்படிப்பைத் தொடங்கிய ஒருவருக்கு, உச்சவரம்பின்படி மூன்றாண்டுக் கட்டணம் 28,035 பவுண். சர்வதேச வணிகப் பாடநெறிகள் பலவற்றில் வெளிநாட்டிலோ தொழில் நிறுவனத்திலோ கழியும் ஓர் ஆண்டும் சேர்கின்றது. அவ்வாண்டுக்குரிய கட்டணம் குறைவாயினும், வாழ்க்கைச் செலவுக்கான கடன் மேலும் ஓராண்டு நீள்கின்றது. இத்தொகுதியினர் ஆண்டு வருமானத்தில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியின் 9 வீதத்தைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். 30,000 பவுண் பெறுபவர் ஆண்டுக்கு 450 பவுண் செலுத்துவார். வட்டி பணவீக்கத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அது 3 வீதமாயின், கட்டணக் கடனுக்கு மட்டும் ஓராண்டு வட்டி ஏறத்தாழ 841 பவுணாகும். எனவே அவர் செலுத்தும் தொகை வட்டியைக்கூட ஈடுசெய்வதில்லை. எஞ்சும் கடன் 40 ஆண்டுகளின் பின்னரே தள்ளுபடியாகும். வருமானம் குறைந்தவரிடம் அறவிடாமை ஒரு பாதுகாப்பே. ஆயினும் பலரைப் பொறுத்தவரை இது உழைக்குங் காலம் முழுவதும் தொடரும் சம்பளக் கழிவாகும்.

இக்கழிவு யாவர் மீதும் ஒரே விதமாக விழுவதில்லை. முழுத் தொகையையும் முன்னரே செலுத்தவல்ல குடும்பத்துப் பிள்ளை கடனின்றி வெளியேறுகின்றது. வறிய மாணவருக்கான வாழ்க்கைச் செலவு மானியம் 2016 இல் புதிய மாணவருக்கு நிறுத்தப்பட்டுக் கடனாக மாற்றப்பட்டமையால், அதிக உதவி தேவைப்பட்டவரே அதிக கடனாளியாயினர். ஒரே பட்டமும் ஒரே சம்பளமும் பெறும் இருவருள், தொழிலாளியின் பிள்ளைக்குக் கைக்கு வருவது குறைவு.

வருமானத் தட்டின் நிலையும் இதுவே. நிதிக் கற்கைகளுக்கான நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, வரியும் கடனும் கழித்தபின் பட்டத்தால் வாழ்நாளிற் கிட்டும் சராசரி நன்மையை ஆண்களுக்கு ஏறத்தாழ 130,000 பவுண் எனவும், பெண்களுக்கு 100,000 பவுண் எனவும் கணித்தது. பட்டதாரிகளுள் ஐவரில் ஒருவர் பல்கலைக்கழகம் செல்லாதிருந்தால் பொருளாதார ரீதியில் மேலான நிலையில் இருந்திருப்பர் எனவும் அது கண்டது. சராசரி என்பது இவ்வேறுபாடுகளை மறைக்கின்றது. வணிகத்துறையில் முதல் வேலையைத் தீர்மானிப்பதில் பல்கலைக்கழகத்தின் பெயர், குடும்பத் தொடர்புகள், சம்பளமின்றிப் பயிற்சி பெறக்கூடிய வசதி ஆகியனவும் பங்குகொள்கின்றன. இவற்றின் விளைவையும் பட்டத்தின் விலையாகவே தராசு காட்டுகின்றது.

மாணவர் கணக்குப் பார்த்தல் தவறென்பது எமது வாதமன்று. உழைக்கும் குடும்பங்களுக்கு அது வாழ்வுப் பிரச்சினை. ஆனால் பயிற்றப்பட்ட உழைப்பினாற் பயனடையும் நிறுவனங்கள் பயிற்சிச் செலவில் எவ்வளவைத் தாங்குகின்றன என்னும் வினா அத்தனிமனிதக் கணக்கில் இடம்பெறுவதேயில்லை.

இவ்வினா எமக்கும் உரியது. 1980 முதல் பிரித்தானியாவிலே வெளிநாட்டு மாணவரிடம் முழுச்செலவுக் கட்டணம் அறவிடப்படுகின்றது. அங்கு செல்லும் எம்மவர்க்குப் பொதுவாக அரச கடனோ, வருமானத்துக்கேற்பச் செலுத்தும் பாதுகாப்போ இல்லை. காணியும் நகையும் ஈடாகின்றன. 1945 முதல் இலவசக் கல்வியைப் பேணிவந்த இலங்கையிலும், அரசு சாராப் பட்டங்களுக்கான வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. வட்டி இல்லையென்பதனால் மட்டும் செலவின் பொறுப்பு சமூகத்திடம் மீண்டுவிடுவதில்லை.

சங்க இலக்கியத்தில் ‘கடன்’ என்னுஞ் சொல் கடமையைக் குறித்தும் வழங்கியுள்ளது. இளந்தலைமுறைக்குக் கல்வியளித்தல் சமூகத்தின் கடனென்று கொள்ளப்பட்ட நிலை மாறி, கற்றவனின் தனிக் கடனாக அது ஆக்கப்படுவதே இங்கு நிகழ்வதாகும். இம்மாற்றத்தை மறுபரிசீலனை செய்யாது, எப்பட்டம் இலாபகரமானது என்று மட்டும் வினவுவது பிரச்சினையின் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுவதாகும்.