காவலூர் வானாய்வகமும் விண்வெளி ஆய்வின் தேவையும்

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களுக்கு அருகே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1977-இல் யுரேனசு ஒரு விண்மீனின் அருகே கடந்தபோது, அவ்விண்மீனின் ஒளி திடீரென மங்கியது இங்கும் பதிவானது. யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய பதிவுகளுள் அதுவும் ஒன்று. 1988-இல் இங்கு கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது.

இத்தேடல் வெறும் ஆர்வத்துக்காக மட்டுமன்று. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதிய சிறுகோளால் டைனோசர்கள் அழிந்தன. ஒரே கோளில் வாழும் மனித இனத்துக்கும் அதே ஆபத்து உண்டு. வேறு கோளில் குடியேறுவது தொலைநாள் காப்பு. வரும் சிறுகோளை முன்பே கண்டு விலக்குவது உடனடிக் காப்பு. 2022-இல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்போசு மீது மோதி அதன் சுற்றுப்பாதையை மாற்றி, அது இயலும் எனக் காட்டியது. ஆனால், காண்பதற்கு இருண்ட வானம் வேண்டும். எனவே, காவலூரைச் சுற்றிய ஊர்களில் தெருவிளக்கின் ஒளி தரைநோக்கி மட்டும் விழச் செய்வதும் விண்வெளி ஆய்வுக்கு உதவுவதே ஆகும்.