உங்களுக்குத் தெரியுமா? காற்றுத் துப்பாக்கிக் குண்டின் வேகம் ஒரு சுருள்வில்லின் கையில்!

அழுத்தக் காற்று நிரப்பிய உருளையுடன் வரும் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. விசையை இழுத்ததும், சுருள்வில் தள்ளிவிடும் சிறு சுத்தியல் ஒன்று வால்வின் தண்டைத் தட்டுகிறது. இமைப்பொழுதுக்கும் குறைவாக வால்வு திறந்து மூடுகிறது. அதற்குள் பீறிடும் காற்றே குண்டை உந்துகிறது.

● சுருள்வில்லின் அழுத்தத்தைக் கூட்டும் திருகை முறுக்கினால்: வால்வு அகலமாகவும் சற்று அதிக நேரமும் திறக்கும், குண்டின் வேகம் கூடும். ஓர் எல்லைக்குப் பின் வேகம் ஏறாது. காற்று வீணாகும், சத்தம் பெருகும்.

● தளர்த்தினால்: காற்று மிச்சமாகும், வேகம் குறையும்.

● வால்வுக்குச் செல்லும் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாவிட்டால்: உருளை நிரம்பியிருக்கும்போது உயர் அழுத்தமே வால்வை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே முதல் குண்டுகள் மெதுவாகப் பாயும். அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, உச்சம் தொட்டு, மீண்டும் சரியும்.

● ரெகுலேட்டர் இருந்தால்: வேகமானியை வைத்து, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பல குண்டுகளின் வேகம் அளக்கப்படுகிறது. வேகம் ஏறாமல் நிற்கும் இடம் தெரிந்ததும், உச்ச வேகத்தில் 3 முதல் 5 சதவீதம் குறையும் அளவுக்குத் தளர்த்துவது வழக்கம். அந்த நிலையில் வேகம் சீராக இருக்கும், காற்றும் வீணாகாது.

● சட்டம்: வில்லை முறுக்கினால் ஆற்றலும் உயரும். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு ஆற்றலைத் தாண்டும் காற்று ரைபிளுக்கு உரிமச் சான்று கட்டாயம்.