படத்திலிருப்பது எந்த ராஜ்யத்துத் துப்பாக்கி?

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே புதுவை, வடக்கே காலாப்பட்டு. இவ்விரண்டும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. இடையிலிருந்த இவ்வூரோ பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்து, 1947 வரை ஆங்கில சர்க்காருக்கு வரி செலுத்திற்று. கடற்கரையோரம் சில மைல் நடந்தால் ராஜ்யம் மாறிவிடும். ஆதலின் இப்பக்கத்து மக்களுக்குப் பட்டாளத்தில் சேர இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. இத்தகைய எல்லையூரில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய யுத்தப் படம் தொங்குமாயின், அதிலிருக்கும் சிப்பாய் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்று கேட்பது வீண் வம்பன்று. வீட்டார் மறந்திருக்கலாம், கையிலுள்ள துப்பாக்கி மறக்கவில்லை.

வீட்டார் பெரும்பாலும் சொல்வது, "தாத்தா ஸ்னைப்பராயிருந்தார்" என்பதே. மறைந்திருந்து ஒரே குறியில் ஆளை வீழ்த்துபவனுக்கு இப்பெயர். இச்சொல் பிறந்த இடம் நமது தேசமே என்பதை நேயர்கள் அறிவார்களோ, அறியோம். 'ஸ்னைப்' என்பது நம் உள்ளான் குருவி. சேற்றிலிருந்து திடீரென எழும்பிக் கோணல்மாணலாய்ப் பறக்கும் அக்குருவியைச் சுடுவது எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அவ்வேட்டைக்கு இட்ட பெயரே பின்னர் மனித வேட்டைக்கும் ஆயிற்று. மரக்காணத்துக் கழுவெளியில் உள்ளானைக் கண்டவர்களுக்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

நிற்க. துப்பாக்கியை விசாரிப்போம். முதலில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். முதல் உலக யுத்தத்தில் இந்தியத் துருப்புகள் பெரிதும் ஏந்திய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் மரக்கட்டை குழலின் நுனிவரை வந்து, மழுங்கிய மூக்குப்போல் முடியும். விசைக்கு முன்னால் 10 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி கீழே துருத்தி நிற்கும். பிரெஞ்சுக்காரரின் லெபெல் துப்பாக்கியோ நீளமானது; குழல் மெல்லியதாய் மரத்துக்கு வெளியே நீண்டிருக்கும்; பெட்டி கிடையாது. 8 தோட்டாக்கள் குழலுக்கு அடியில் மரத்துக்குள்ளேயே வரிசையாய்க் கிடக்கும். ஆனால் பெட்டியைக் கண்டவுடனே ஆங்கிலத் துப்பாக்கி என்று தீர்ப்பளித்துவிடக் கூடாது. பிரெஞ்சுக் குடியேற்றப் படைகளுக்கு வழங்கிய பெர்த்தியே என்னும் வகையில், 1916ஆம் ஆண்டு மாதிரிக்கும் 5 தோட்டாப் பெட்டி உண்டு. வாயே உறுதியான சாட்சி.

இனி, ஸ்னைப்பர் துப்பாக்கி என்று சொல்லத் தூரதிருஷ்டிக் கண்ணாடி இருக்க வேண்டும். அல்லது அதைப் பொருத்தும் இரும்புத் தாங்கிகளாவது தெரிய வேண்டும். முதல் யுத்தத்து லீ-என்ஃபீல்டுகள் பலவற்றில் இக்கண்ணாடி நடுவே இராமல் இடப்புறம் ஒதுங்கியிருக்கும். மேலிருந்து தோட்டா நிரப்பத் தடையாகாதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டாம் யுத்தத்தில் வந்த நாலாம் நம்பர் (டி) துப்பாக்கியில் 3 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும், கன்னம் பதிய அடிக்கட்டைமேல் ஒரு மரத்துண்டும் உண்டு. அத்துண்டு படத்தில் நன்றாய்த் தெரியும். ஜப்பானியரின் 97ஆம் வகையிலும் கண்ணாடி இடப்புறமே ஒதுங்கியிருக்கும். ஒரு எச்சரிக்கை: இத்துப்பாக்கிகளிலெல்லாம் போல்ட்டின் கைப்பிடி வலப்புறமே இருக்கும். படத்தில் அது இடப்புறம் தெரிந்தால், நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று கொள்க. இதைக் கவனியாமல் இடக்கைச் சூரர்களைப் பற்றி எழுதுவோரும் உண்டு!

அச்சில் வந்த படமாயின் அடியிலுள்ள வாசகத்தை அப்படியே நம்பலாகாது. இந்தியத் துருப்புகள் 1914 செப்டம்பரில் மார்சேயில் இறங்கின. காலாட்படை 1915 இறுதியில் பிரான்ஸை விட்டகன்றது. ஆங்கிலப் படைகளுக்கே தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒழுங்காய்க் கிடைக்கத் தொடங்கியது 1915இல்தான். ஆதலால் '1914, இந்திய ஸ்னைப்பர்' என்ற வாசகத்தோடு கண்ணாடிவைத்த துப்பாக்கி தென்பட்டால் ஐயுறுவதே முறை. மேலும், 1915இல் இந்தியத் துருப்புகளைப் படமெடுக்க அனுப்பப்பட்ட கிர்ட்வுட் என்பவரின் படங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பல, போர்முனைக்குப் பின்னால் சிப்பாய்களை நிறுத்தி நடிக்கச் சொல்லி எடுத்தவை. ஏகாதிபத்தியத்துக்கு வேண்டியது விளம்பரம். சிப்பாயின் பெயர் அன்று.

துப்பாக்கியைக் கண்டுகொண்டதாலேயே மனிதனைக் கண்டுகொண்டதாகாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய ஆங்கில ஆயுதங்களே இந்திய தேசிய ராணுவத்துக்கும் கிடைத்தன. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் பின் சென்ற தமிழன் கையிலும் லீ-என்ஃபீல்டு. பர்மாவில் அவனை எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய் கையிலும் அதே லீ-என்ஃபீல்டு! இங்கே புதுவையின் கவர்னர் போன்வேன் 1940 செப்டம்பரில் தெகோல் பக்கம் சேர்ந்தார். தெகோலின் விடுதலைப் பிரெஞ்சுப் படைகளும் ஆங்கில ஆயுதங்களை ஏந்தியதுண்டு. ஆகவே துப்பாக்கிக்கு அடுத்தபடி உடுப்பை நோக்க வேண்டும். பிரெஞ்சுச் சிப்பாயின் கழுத்துப் பட்டையில் படைப்பிரிவின் எண் இருக்கும். ஆங்கிலப் பட்டாளத்துச் சிப்பாயின் தோளில் ரெஜிமெண்டைக் குறிக்கும் பித்தளை எழுத்துகள் இருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் பாஸ்ரா நினைவுச் சின்னத்தை நோக்குவாராக. மெசொபொடேமியாவில் மாண்ட 40,000க்கு மேற்பட்டோருக்காக 1929இல் அது திறக்கப்பட்டது. வெள்ளையர் பெயர்களெல்லாம் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளின் பெயர் மட்டும். சாதாரணச் சிப்பாய்கள் ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே ஒரு தொகையாக நின்றார்கள். நம்மவர் மிகுதியாயிருந்த மதராஸ் ஸாப்பர்களும் அப்போர்முனையில் பணிபுரிந்தவர்களே. நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷன் இவ்வேற்றுமையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது 2021இல். கல்லில் பெயரில்லாதவனுக்கு, வீட்டுச் சுவரிலுள்ள படம் ஒன்றே சாசனமாயிருக்கக் கூடும். துப்பாக்கி ஆண்டைக் காட்டும். தோளெழுத்து ரெஜிமெண்டைக் காட்டும். அவ்விரண்டையும் கொண்டு பதிவேடுகளில் தேடலாம்.

ஆகையால் இப்படங்களை வைத்திருப்போர், சட்டத்திலிருந்து அவற்றை மெதுவாய் எடுத்து, முன்புறத்தோடு பின்புறத்தையும் பெரிய அளவில் பிரதி எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஸ்டூடியோவின் முத்திரையும், பென்சிலில் எழுதிய எண்ணும் பின்புறத்திலேதான் இருக்கும். கடலோரத்து உப்புக் காற்றில் முதலில் அழிவதும் அதுவே.