ஒரு ‘எஸ்’ படுத்தும் பாடு

வந்தான், வந்தாள், வந்தார்கள். தமிழில் வினைமுற்றைக் கேட்டாலே வந்தது யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நான், நீ, அவன் என ஆளுக்கேற்ப வினையின் ஈறு மாறியது. நூற்றாண்டுகள் போகப் போக அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. இன்று சாதாரண வினைச்சொற்களில் மிஞ்சியிருப்பது, நிகழ்காலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ போன்ற எழுவாய்களுக்கு வரும் ‘எஸ்’ ஒன்றுதான்.

அந்த ஒற்றை எழுத்துதான் பள்ளிப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது. ‘ஹீ கோஸ்’ என்று சரியாகச் சொல்லும் மாணவி, அதையே கேள்வியாக்கும்போது ‘டஸ் ஹீ கோஸ்?’ என்கிறாள். ‘டூ’ என்ற துணைவினை உள்ளே நுழைந்ததும் ‘எஸ்’ஸைத் தானே வாங்கிக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடும். முதன்மை வினை வெறுங்கையோடு ‘கோ’ என்று நிற்கும். இறந்தகாலமும் அப்படியே: ‘ஹீ வென்ட்’, ஆனால் ‘டிட் ஹீ கோ?’

இது தமிழருக்குப் புதிதே அல்ல. ‘அவன் வருகிறான்’ என்பதை மறுத்தால் ‘அவன் வரவில்லை’. ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் ‘ஆன்’ விகுதி போய்விடுகிறது. ஆங்கில வகுப்பில் இதைச் சுட்டிக்காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு சிக்கல் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும்கூட விடுவதில்லை. ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’, அதாவது அலமாரிகளின் சாவி. அடுத்து வரவேண்டியது ‘வாஸ்’ஸா, ‘வேர்’ரா? சாவி ஒன்றுதான், ஆகவே ‘வாஸ்’. ஆனால் வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோ பன்மையான ‘கேபினெட்ஸ்’. அது வினையைத் தன் பக்கம் இழுக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் கேத்ரின் பாக், கேரல் மில்லர் இருவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட அரைகுறை வாக்கியங்களைக் கேட்கவைத்து, வாய்விட்டு முடிக்கச் சொன்னார்கள். ஒருமை எழுவாயை அடுத்துப் பன்மைச் சொல் நின்றபோது பிழைகள் கூடின. தலைகீழாக, பன்மைக்குப் பின் ஒருமை நின்றபோது தடுமாற்றம் மிகக் குறைவு. பன்மைக்கு வெளிப்படையான அடையாளம் உண்டு, ஒருமைக்கு இல்லை; அதனால்தான் பன்மையின் இழுப்பு வலுவாக இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

சில இடங்களில் முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லே வினையைத் தீர்மானிக்கிறது. ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘இஸ்’. அங்கே பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘ஆர்’. அங்கே பேசப்படுவது பல மாணவர்கள். ‘டீம்’ போன்ற சொற்களிலோ ஊருக்கு ஊர் வழக்கு வேறு. அமெரிக்கர் பெரும்பாலும் ‘இஸ்’ என்பார்கள். பிரிட்டனில், அணியின் ஆட்டக்காரர்களை மனதில் வைத்து ‘ஆர்’ என்பதும் சகஜம்.