ரசிகர்களும் கைகொடுத்த விளையாட்டு, பாதியில் நின்றது

காணொளி விளையாட்டின் அடுத்த பாகம் ரத்தானால் ரசிகர்கள் வருந்துவது வழக்கம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2011 ஜூலையில் ‘மெகா மேன் லெஜண்ட்ஸ் 3’ விளையாட்டைக் கைவிட்டபோது, அந்த வருத்தம் கோபமாக மாறியது.

அதற்கு இரண்டு காரணங்கள். 2000ல் வெளிவந்த இரண்டாம் பாகம், நாயகன் வீடு திரும்ப வழியின்றி விண்வெளியில் சிக்கிக்கொள்வதோடு முடிந்தது. அவன் கதி என்ன என்று ரசிகர்கள் பத்தாண்டு காத்திருந்தனர்.

2010ல் மூன்றாம் பாகத்தை அறிவித்த கேப்காம், அதன் உருவாக்கத்தில் ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டது. புதிய நாயகியின் தோற்றத்தைக்கூட அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர்.

அதே ஆண்டின் பிற்பகுதியில், தொடரின் முக்கியப் படைப்பாளரான கெய்ஜி இனாஃபுனே நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டு திட்டமே நின்றது. உறுதியளித்த முன்னோட்டப் பதிப்பும் வரவில்லை. நாயகனை மீட்கும்படி ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் குரல்கொடுத்தும் பயனில்லை.

வாங்கக் காத்திருந்தவர்களைவிட, கூடச் சேர்ந்து யோசித்தவர்களுக்கே இழப்பு பெரிது.