கொல்லையில் கிடைத்த கூத்தபிரான்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் புதையல் கதை கேளாமல் வளர்ந்த குழந்தை இராது. எதிர்வீட்டுக்காரர் திடீரென்று மச்சு வீடு கட்டினால், "கொல்லையில் குடம் அகப்பட்டதாம்!" என்று ஊர் பேசும். இக்கதைகளில் முக்காலே மூன்று வீசம் பொறாமையில் பிறந்தவை என்பது நம் அபிப்பிராயம். மிச்சமுள்ள வீசத்தைப் பற்றியே இங்கே சொல்ல வருகிறோம்.

முன்னாளில் புதையல் தேடுவோர் மை போட்டுப் பார்த்தார்கள். இந்நாளில் உலோகம் காட்டும் கருவி வந்திருக்கிறது. அதன் அடியிலுள்ள கம்பிச் சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் பூமிக்குள் காந்தப் புலத்தைப் பரப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் எழும். உடனே கருவி கூவும். கீழே இருப்பது சோழர் காலத்துத் திருவாசியா, ஓட்டை அண்டாவா என்று நிச்சயமாகச் சொல்ல அதனால் ஆகாது. சாதாரணக் கருவிகள் அதிக ஆழம் போவதுமில்லை.

ஆழத்தில் இருப்பவையோ, காவேரிக் கரையில், பெரும்பாலும் பணக் குடங்களல்ல, தெய்வத் திருமேனிகள். 1311-ல் மாலிக் காபூரின் சேனை தெற்கே வந்தது போன்ற ஆபத்துக் காலங்களில், விக்கிரகங்களைக் காப்பாற்ற நம் முன்னோர் பூமியையே நம்பினார்கள். மறைவிடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, பகவானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிடத்தும் முறையை விமானார்ச்சன கல்பம் என்ற வைகானச ஆகம நூல் விவரிக்கிறது. பயம் தீர்ந்ததும் எடுக்கலாம் என்றிருந்திருப்பார்கள். இடம் அறிந்தவர்கள் போய்விட்டார்கள், திருமேனிகள் தங்கிவிட்டன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் வெட்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட விக்கிரகங்களும், தேவாரம் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. அங்கே வெட்டியது கோயில் நிலம், ஊரறிய வெளிவந்தன. ஒருவருடைய குடிசைப் பக்கத்தில் கிடைத்தால் என்ன ஆகும்?

அதற்குப் பத்தூர் நடராஜரே சாட்சி. அக்காலத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பத்தூரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலுக்கு அருகே வசித்த ஓர் ஏழைக் கூலியாள் 1976-ல் மண் வெட்டும்போது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. அவர் சொற்பத் தொகைக்கு விற்ற கூத்தபிரான், கை மாறிக் கை மாறிச் சீமைக்குப் போனார். 1982-ல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்று இரண்டரை லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. சுத்தம் செய்யப் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு அனுப்பிய இடத்தில் லண்டன் போலீஸார் கைப்பற்றினார்கள்.

வழக்கில் கேள்வி ஒன்றுதான்: இவர் பத்தூர் நடராஜர்தானா? பிற்பாடு பத்தூரில் எடுத்த மற்ற விக்கிரகங்களோடு சிற்ப அமைப்பை ஒப்பிட்டார்கள், உலோகத்தை ஒப்பிட்டார்கள். அது போதாதென்று, மேலே ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமுங்கூட கோர்ட்டில் ஆராய்ச்சிக்கு வந்தன! 1988-ல் கீழ்க் கோர்ட் நம் பக்கம் தீர்ப்பளித்தது. பாழடைந்த கோயிலும் வழக்காடலாம் என்று ஒப்பி, 1991-ல் அப்பீல் கோர்ட் அதை உறுதி செய்தது. அவ்வருஷமே சுவாமி தாயகம் திரும்பினார்.

கூலியாள் ஏன் சர்க்காரிடம் போகவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் உண்டு. வேறு உரிமையாளர் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டவருக்கு முக்கால் பங்கு. நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சர்க்கார் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், கொடுக்க வேண்டியது பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. தராசில் நடராஜரும் அண்டாவும் ஒன்றுதான்! (கோயில் விக்கிரகம் என்று ருசுவானால் கோயிலே சொந்தக்காரர், பங்குக் கணக்கே எழாமற் போகலாம்.)

அன்னிய ஆட்சி நமக்கு எழுதி வைத்துப் போன சட்டம் இது. அவர்கள் தங்கள் நாட்டில் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 2009-ல் இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயர் வயலொன்றில், கருவியோடு நடந்த ஒருவருக்குப் பழைய தங்க ஆயுத அணிகள் கிடைத்தன. அவர் அறிவித்தார், நிபுணர்கள் 32,85,000 பவுன் மதிப்பிட்டார்கள். மியூஸியங்கள் வாங்கின; கண்டவரும் நிலத்துக்காரரும் சரிபாதி பெற்றார்கள். அறிவிப்பவனுக்கு அங்கே ஆதாயம் உண்டு. இங்கே கூலியாளுக்குத் தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், அன்றையக் கூலியை இழக்க வேண்டும். தரகனோ வாசலிலேயே ரொக்கத்தோடு நிற்கிறான்.

மதிப்புப் பிரிவைத் திருத்துவது சட்டசபைகளின் காரியம். அதுவரை, கிணறோ அஸ்திவாரமோ வெட்டும் வீட்டார் மண்வெட்டி 'ணங்'கென்றால் வேலையை நிறுத்தட்டும். பொருளைத் துலக்க வேண்டாம்; புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். ஒட்டிய மண் ஒட்டியபடி இருக்க, கிராம நிர்வாக அதிகாரியையும் நாலு அண்டை வீட்டாரையும் அழைத்துக் காட்டுங்கள்.