தரவு காத்தல்

ஏட்டுச்சுவடிகள் வழங்கிய காலத்தே, ஓலை கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாதலை அறிந்த நம் முன்னோர், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தனர். அங்ஙனம் படியெடுக்கப்பெறாத நூல்கள் பல மறைந்தொழிந்தன. இக்காலத்தே வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், தேர்வு மதிப்பெண்ணும் கணினியின் தரவுத்தளங்களில் உறைகின்றன. கருவி மாறினும் அழிவு பற்றிய அச்சம் நீங்கவில்லை. வட்டு பழுதுறலாம், மென்பொருள் பிழைபடலாம், மனிதரின் கை தவறலாம். ஆதலின், தரவுக்குப் படியெடுத்து வேறோரிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. அதனைக் காப்புப்படி என்பர். அப்படியினின்றும் தரவை மீண்டும் நிலைநிறுத்துதல் மீட்பு எனப்படும்.

மாணவர்களே! படியெடுத்தல் எளிது, தக்க முறையைத் தேர்ந்து அதனை வழுவாது போற்றுதலே அரிது. இதற்கு ஒரு சான்று காண்போம்.

கிட்லேப் என்பது, மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளம். அதன் தரவுத்தளம் முதன்மைக் கணினி ஒன்றிலும், அதனைப் பின்பற்றி உடனுக்குடன் படியெடுக்கும் துணைக்கணினி ஒன்றிலும் இயங்கிவந்தது. 2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் இரவு, துணைக்கணினி பின்தங்கிற்று. அதனைச் செப்பனிட முனைந்த பொறியாளர் ஒருவர், துணைக்கணினியில் இருப்பதாகக் கருதி, முதன்மைக் கணினியின் தரவையே நீக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் பிழையுணர்ந்து நிறுத்தினார். எனினும், ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது.

‘காப்புப்படி உண்டன்றோ?’ என நீவிர் வினவலாம். நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணிய படி எடுக்கப்படவேயில்லை. படியெடுக்கும் நிரல் தரவுத்தளத்தினும் பழைய பதிப்பினதாக இருந்தமையின் தோல்வியுற்று வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ ஏற்கப்பெறாமல் தடுக்கப்பட்டன. துணைக்கணினியும் முன்னரே வெறுமையாக்கப்பட்டிருந்தது. நல்லூழாக, அப்பொறியாளரே ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்னர், வேறொரு சோதனையின்பொருட்டுப் படி ஒன்று எடுத்திருந்தார். அதனைக் கொண்டே, ஏறத்தாழ 18 மணி நேரத்தில் தளம் மீண்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் அவ்விழப்பிற்கு உள்ளாயின.

பின்னர் அந்நிறுவனம் தன் குறைகளை ஒளியாது வெளியிட்டது. காப்புப்படிகளைச் சோதிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பெறாமையே அவற்றுள் தலையாயது. பலர்க்கும் பொதுவான கடமை ஒருவர்க்கும் உரியதன்றாய் ஒழிந்தது.

ஆகவே, குழுவினர் முதற்கண் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எத்துணை நேரத் தரவை இழக்கப் பொறுப்போம் என்பது ஒன்று. எத்துணை நேரத்தில் மீள்தல் வேண்டும் என்பது மற்றொன்று. நூலகப் பட்டியல் ஒருநாட் குறைவைத் தாங்கும். வங்கிக் கணக்கு ஒரு நொடியும் தாங்காது. இவ்விடைகளைப் பொறியாளர் மட்டுமன்றித் தரவைப் பயன்கொள்வோரும் கூடியிருந்து துணிதல் வேண்டும்.

முழுப்படியை அடிக்கடி எடுப்பின் இடமும் செலவும் மிகும். மாற்றங்களை மட்டும் படியெடுப்பின் இடம் குறையும். ஆயின், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மீட்டற்கு நேரம் மிகும். எனவே, வாரந்தோறும் முழுப்படியும், நாள்தோறும் மாற்றப்படியும் எடுத்து, இடைநிகழும் மாற்றங்களை இடையறாது பதிந்துவைப்பாரும் உளர். துணைக்கணினியை மட்டும் நம்புதல் தகாது. முதன்மையில் நேர்ந்த அழிவைத் துணையும் அக்கணமே பின்பற்றிவிடும். தரவு மூன்று படிகளாக, இருவகைச் சேமிப்புக் கருவிகளில், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் நன்று.

இவை யாவினும் சிறந்தது ஒன்றுண்டு. காப்புப்படியினின்றும் தரவை உண்மையாகவே மீட்டுப் பார்த்தல் வேண்டும். அதனைக் குறித்த நாளில் செய்தற்குப் பெயர் குறித்து ஒருவரை அமர்த்துதலும் வேண்டும். மீட்டுப் பாராத படி, திறந்து பாராத நெற்குதிர் போன்றது. அதனுள் நெல் உண்டோ பதர் உண்டோ என்பதைப் பஞ்ச காலத்தே அறிதலாற் பயன் யாது?